ஓய்வூதியம்: எழுதிக் கொடுத்த உரிமையும் எடுத்து வைக்காத பணமும்

2013 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் மாநகராட்சி, தன் கடன்களைத் திருப்பிச் செலுத்தும் நிலையில் தான் இல்லை என்று கூறித் திவால் நீதிமன்றத்தை நாடியது. கடனின் அளவு சுமார் 1,800 கோடி டாலர். அந்நாட்டின் உள்ளாட்சி வரலாற்றில் அதற்கு முன் எந்த நகரமும் இவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. கடன் கொடுத்தோர் பட்டியலில் வங்கிகள் இருந்தன; கடன் பத்திரம் வாங்கியோர் இருந்தனர். அவர்களோடு, தம்மை ஒருநாளும் கடன் கொடுத்தவர்களாக எண்ணிப் பார்த்திராத 20,000-க்கும் மேற்பட்டோரும் இருந்தனர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்கள், குப்பை அள்ளியவர்கள், அலுவலக எழுத்தர்கள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள். நகரம் அவர்களுக்குத் தர வேண்டிய ஓய்வூதியமும் அந்தக் கடன்களுள் ஒன்று.

அவர்கள் கையில் வலுவான ஒரு பாதுகாப்பு இருப்பதாகவே எல்லோரும் நம்பினர். டெட்ராய்ட் அமைந்திருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் 1963-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், அரசு மற்றும் உள்ளாட்சி ஊழியர்கள் ஈட்டிய ஓய்வூதியம் ஓர் ஒப்பந்தக் கடமை என்றும், அதைக் குறைக்கவோ பாதிக்கவோ கூடாது என்றும் கூறுகிறது. இதைவிடத் தெளிவாக ஓர் உறுதிமொழியை எழுத இயலாது. ஆயினும், அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று திவால் நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் அளித்த தீர்ப்பு வேறு விதமாக இருந்தது. ஓய்வூதியமும் ஓர் ஒப்பந்தமே. மற்ற ஒப்பந்தங்களைக் குறைக்க இடம்தரும் நாடு தழுவிய திவால் சட்டத்தின் கீழ் இதையும் குறைக்கலாம் என்றார் அவர். அரை நூற்றாண்டு நின்ற உறுதிமொழி, கருவூலம் காலியான பிறகு காப்பாற்றவில்லை.

எங்கோ ஓர் அயல்நாட்டு நகரத்தின் கதையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பழைய ஓய்வூதியமா, பங்களிப்பு ஓய்வூதியமா என்று நம் நாட்டில் இருபது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தில், உரிமை பற்றியும் சுமை பற்றியும் நிறையப் பேசுகிறோம். அந்த உரிமைக்கான பணத்தை யார், எப்போது எடுத்துவைப்பது என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் தள்ளிப்போடுகின்றன. டெட்ராய்ட் அந்தக் கேள்விக்குக் கிடைத்த கசப்பான விடை.

தொடர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பழைய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுபவன். ஆகவே, இந்த விவாதத்தில் என்னை நடுநிலையாளன் என்று கூறிக்கொள்ள முடியாது. நான் எழுதுவதை அந்தக் கவனத்தோடு படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்திவைக்கப்பட்ட ஊதியம்

ஓய்வூதியம் கருணைத் தொகை அன்று என்பதை நம் உச்ச நீதிமன்றம் நெடுநாள் முன்பே தீர்த்துவைத்துவிட்டது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் அளித்த தீர்ப்பில், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடை அன்று, ஆற்றிய பணிக்கு ஈடாகப் பெறும் உரிமை என்று அது நிலைநாட்டியது. அந்த நாளே இன்று ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பொருளியலும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. ஓர் ஊழியரின் உழைப்புக்கு மாதம் 100 ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அரசு அவரிடம், 'இப்போது 85 வாங்கிக்கொள். மீதி 15-ஐ நீ முதுமையடைந்ததும் தருகிறேன்' என்கிறது. அவரும் ஒப்புக்கொள்கிறார். அந்த 15 ரூபாய் ஒத்திவைக்கப்பட்ட ஊதியம். முப்பது ஆண்டுகள் கழித்து அதைக் குறைப்பது, செய்து முடித்த வேலைக்குக் கொடுத்த கூலியைத் திரும்பப் பிடுங்குவதற்கு ஒப்பானது.

ஓய்வூதியர் சங்கங்கள் இந்த வாதத்தை இதுவரை சரியாகவே சொல்கின்றன. ஆனால், அதற்கு இன்னொரு பாதி உண்டு. அந்த 15 ரூபாய் இந்த ஆண்டு உழைப்புக்கான கூலி என்றால், அது இந்த ஆண்டின் செலவும்கூட. 1985-ல் அள்ளப்பட்ட குப்பையால் பயனடைந்தவர்கள் 1985-ல் அந்த நகரில் வாழ்ந்தவர்கள். அதற்கான முழுக் கூலியை அவர்களே தந்திருக்க வேண்டும். 85-ஐ மட்டும் கொடுத்துவிட்டு, 15-ஐ எடுத்துவைக்காமல் விட்டால், 1985-ன் குப்பைக்கு 2013-ல் வாழ்பவர் வரி கட்ட வேண்டியிருக்கும். அவர் கட்ட மறுத்தாலோ, ஊரைவிட்டே போய்விட்டாலோ, இழப்பு முதியவரின் தலையில் விழும்.

இதைச் சமாளிக்க உலகெங்கும் இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, இன்றைய வரி வருவாயிலிருந்து இன்றைய ஓய்வூதியர்களுக்குக் கொடுப்பது. நமது பழைய ஓய்வூதியத் திட்டம் இவ்வகை. ஊழியர்களும் வரி கட்டுவோரும் பெருகிக்கொண்டிருக்கும் வரை இது தடையின்றி ஓடும். மற்றொன்று, ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதியைத் தனி நிதியத்தில் சேர்த்து, முதலீடு செய்து, அதன் பெருக்கத்திலிருந்து கொடுப்பது. டெட்ராய்டில் இருந்தது இந்த இரண்டாவது வகை. அப்படியிருந்தும் அது ஏன் போதவில்லை?

டெட்ராய்டில் விழுந்த பள்ளம்

முதல் காரணம் ஊரே சுருங்கியது. 1950-ல் டெட்ராய்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 18.5 லட்சம். கார்த் தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தன. வசதியுள்ளோர் புறநகர்களுக்குச் சென்றனர். நிறவேற்றுமை நகரைப் பிளந்தது. 2010 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 7.14 லட்சம் பேர். வரி கட்டுவோர் போய்விட்டனர். பழைய பெரிய நகரத்துக்காக உழைத்தவர்களின் ஓய்வூதியம் போகவில்லை. திவாலான வேளையில் பணியில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஓய்வுபெற்றவர் இருவர் என்ற அளவுக்குக் கணக்கு தலைகீழாகியிருந்தது.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. எனவே கூடுதல் ஆபத்தானது. எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய தொகைக்கு இன்று எவ்வளவு எடுத்துவைத்தால் போதும் என்பது, அந்த முதலீடு எவ்வளவு ஈட்டும் என்ற அனுமானத்தைப் பொறுத்தது. இருபது ஆண்டுகள் கழித்து 100 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 8 விழுக்காடு கிடைக்கும் என்று நம்பினால், இன்று 21 ரூபாய் 45 காசு போதும். 5 விழுக்காடுதான் கிடைக்கும் என்றால் 37 ரூபாய் 69 காசு வேண்டும். வாக்குறுதி ஒன்றே, கொடுக்க வேண்டிய நாளும் ஒன்றே. அனுமானத்தில் ஓர் எண்ணை மாற்றியதும் இன்றைய சுமை பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது.

டெட்ராய்டின் இரு ஓய்வூதிய நிதியங்களும் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈட்டம் கிடைக்கும் என்றே கணக்கிட்டுவந்தன. அவற்றின் கணக்குப்படி பற்றாக்குறை சுமார் 63 கோடி டாலர். மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகி கெவின் ஓர், ஈட்டத்தை 7 விழுக்காடாகக் குறைத்து, வேறு சில அனுமானங்களையும் கடுமையாக்கிக் கணக்கிட்டபோது, அதே நிதியங்களின் பற்றாக்குறை 350 கோடி டாலர் என்று வந்தது. நிதியங்கள் நிலைமையை மென்மையாக்கிக் காட்டின. நிர்வாகி அச்சுறுத்துவதற்காகப் பெரிதாக்கினார் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று குறைகூறின. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஐந்து மடங்கு வேறுபடும் இரு எண்களுள் எது சரி என்பது திவாலான பிறகுதான் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது.

மூன்றாவது காரணம், நல்ல காலத்தில் காட்டிய தாராளம். எதிர்பார்த்ததைவிட முதலீடு அதிகம் ஈட்டிய ஆண்டுகளில், அந்த உபரியைக் கெட்ட காலத்துக்கென வைத்திராமல், 'பதின்மூன்றாவது காசோலை' என்ற பெயரில் ஓய்வூதியர்களுக்குப் பகிர்ந்தளித்தனர். பங்குச் சந்தையின் சராசரி என்பது ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துத்தான். ஏற்றத்தைச் செலவழித்துவிட்டு, இறக்கத்தை மட்டும் நிதியத்தின் பொறுப்பில் விட்டால், எந்த நிதியமும் நிலைக்காது.

நான்காவது, கடன் வாங்கிக் கடனை மூடியது. 2005-ல் ஓய்வூதியப் பற்றாக்குறையை நிரப்புவதற்காகவே மாநகராட்சி ஏறத்தாழ 140 கோடி டாலர் கடன் எழுப்பியது. அதோடு வட்டி விகிதம் உயரும் என்று கருதிச் சிக்கலான வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களையும் செய்துகொண்டது. 2008 நிதி நெருக்கடியில் வட்டி விகிதம் சரிந்தது. அந்த ஒப்பந்தங்களே பெருஞ்சுமையாயின. பள்ளத்தை மூடுவதற்காகத் தோண்டிய மண், வேறோர் இடத்தில் பெரிய பள்ளமாயிற்று.

குறைப்புக்கே வாக்களித்தனர்

தீர்ப்புக்குப் பிறகு நகரின் சொத்துகள்மீது எல்லோரின் பார்வையும் திரும்பியது. மாநகராட்சிக்குச் சொந்தமான கலைக்கூடத்தில் வான்கோவின் தன்னுருவ ஓவியமும் புரூகலின் திருமண நடன ஓவியமும் இருந்தன. அவற்றை ஏலம் விட்டால் என்ன என்ற கேள்வி எழுந்தது. கலையா, முதியோரின் சோறா என்ற அந்தக் கொடிய தேர்விலிருந்து தப்பிக்க ஓர் உடன்பாடு உருவானது. அறக்கட்டளைகள் 36.6 கோடி டாலரும், மாநில அரசு 35 கோடி டாலரும், கலைக்கூடம் திரட்டும் 10 கோடி டாலரும் இருபது ஆண்டுக் காலக் கணக்கில் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கப்பட்டன. ஓவியங்கள் தனி அறக்கட்டளையின் பொறுப்புக்கு மாறின.

அப்படியும் குறைப்பு தவிர்க்கப்படவில்லை. பொது ஊழியர்களின் மாத ஓய்வூதியம் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. விலைவாசிக்கேற்ற ஆண்டு உயர்வு அடியோடு நீக்கப்பட்டது. காவலர், தீயணைப்பு வீரர்களின் அடிப்படை ஓய்வூதியம் தப்பியது. அவர்களது ஆண்டு உயர்வு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஓய்வூதியர்களின் மருத்துவச் செலவுக்காக நகரம் ஏற்றிருந்த பொறுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு கைவிடப்பட்டது. 2014 கோடையில் ஓய்வூதியர்கள் இதன்மீது வாக்களித்தனர். பொது ஊழியர்களுள் 73 விழுக்காட்டினரும், காவல் மற்றும் தீயணைப்புப் பிரிவில் 82 விழுக்காட்டினரும் ஏற்றனர். ஏற்காவிட்டால் பொது ஊழியர்களுக்கு 27 விழுக்காடு வெட்டு என்று வாக்குச்சீட்டோடு தெரிவிக்கப்பட்டிருந்தது. அதைச் சம்மதம் என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

4.5 விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றலாம். அந்நகரின் பொது ஊழியர் ஒருவரின் சராசரி ஓய்வூதியம் ஆண்டுக்குச் சுமார் 19,000 டாலர். அந்நாட்டு விலைவாசியில் அது வசதியான தொகை அன்று. மேலும், உண்மையான இழப்பு ஆண்டு உயர்வில் இருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 2 விழுக்காடு மட்டுமே உயர்ந்தாலும், உயராத ஓய்வூதியத்தின் வாங்கும் திறன் இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். அறுபது வயதில் ஓய்வுபெற்றவர் எண்பதாவது வயதில், உடல் தளர்ந்து மருந்துச் செலவு பெருகும் காலத்தில், அதை உணர்வார்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், 'ஓய்வூதியம் ஒரு நகரத்தையே மூழ்கடித்தது' என்று முடிப்பார்கள். அது சரியன்று. வரி தரும் மக்களும் தொழிலும் வெளியேறியதும், மாநில அரசிடமிருந்து வரும் பங்கு குறைந்ததும், முன்யோசனையற்ற கடன்களும் நகரை மூழ்கடித்தன. ஓய்வூதியர்கள் மூழ்கும் படகில் இறங்க வழியின்றி அமர்ந்திருந்தவர்கள். கடன் பத்திரத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். முப்பது ஆண்டு உழைப்பை எவரிடம் விற்று வெளியேறுவது?

அலபாமா மாநிலத்தின் பிரிச்சர்டு என்ற சிறு நகரம் இன்னும் துயரமானது. நிதியம் எப்போது தீரும் என்று அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஓய்வூதியத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்பதே அங்கே சட்டம். 2009 செப்டம்பரில் பணம் தீர்ந்தது. சுமார் 150 ஓய்வூதியர்களுக்குக் காசோலை வருவது நின்றுபோனது. சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நம் நாட்டில் வெட்டு எப்படி நடக்கிறது?

இந்தியாவில் மாநிலங்களுக்கோ மாநகராட்சிகளுக்கோ திவால் சட்டம் கிடையாது. எனவே, டெட்ராய்டில் நடந்தது இங்கே நடக்காது என்று ஆறுதல் கொள்ளலாம். நீதிமன்றத்தின் வழியாக நடக்காது என்பது உண்மை. வேறு வழிகளில் நடக்கிறது. அவற்றுக்கு வெட்டு என்ற பெயர் இல்லை என்பதால் நாம் கவனிப்பதில்லை.

முதல் வழி, காலம் தாழ்த்துதல். தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களின் அகவிலைப்படி உயர்வு பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் நடந்த பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்கிறது என்றும், ஓய்வூதியம் எட்டு ஆண்டுகள் அப்படியே நிற்கிறது என்றும் கொண்டால், முன்பு ஒரு ரூபாய்க்கு வாங்கிய பொருளில் 63 காசுப் பொருளைத்தான் அந்த ஓய்வூதியத்தால் வாங்க முடியும். டெட்ராய்டின் நீதிபதி வெளிப்படையாக வெட்டிய 4.5 விழுக்காட்டைவிட இது எவ்வளவோ பெரிய வெட்டு. இங்கே அதற்குத் தீர்ப்பும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

இரண்டாவது வழி, வாக்குறுதியையே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காதிருப்பது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகும், ஒன்றிய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகும் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்புத் திட்டம் வந்தது. ஊழியரும் அரசும் மாதந்தோறும் பணம் செலுத்துவர். இறுதியில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பணத்தை உடனுக்குடன் எடுத்துவைப்பது இத்திட்டத்தின் நன்மை. சந்தையின் இடரை முழுவதும் தனிமனிதர் தலையில் ஏற்றியது இதன் அநீதி. முப்பது ஆண்டு உழைத்தவர், தாம் ஓய்வுபெறும் ஆண்டில் பங்குச் சந்தை எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்துத் தம் முதுமையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதை ஊழியர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை.

இந்த எதிர்ப்பின் விளைவாக 2022-லும் 2023-லும் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. நிதி நெருக்கடியில் உள்ள அரசுகள் செலவு கூடுதலான திட்டத்தை எப்படி விரும்புகின்றன என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. விடை எளியது. பழைய திட்டத்துக்குத் திரும்பினால், அரசு மாதந்தோறும் செலுத்திவந்த பங்களிப்பு உடனே மிச்சமாகும். 2004-ல் 25 வயதில் பணியில் சேர்ந்த ஒருவர் 60 வயதில் ஓய்வுபெறுவது 2039-ல். இன்றைய அரசுக்கு அது சேமிப்பு. 2039-ன் அரசுக்கு அது செலவு. அனைத்து மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை புதிய திட்டத்தைப்போல் 4.5 மடங்கு வரை ஆகக்கூடும் என்று ரிசர்வ் வங்கியின் இதழில் 2023 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சுமை வரும்போது, இன்று அறிவித்தவர்கள் பதவியில் இருக்கமாட்டார்கள். டெட்ராய்டிலும் இதுவே நடந்தது.

ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஓர் இடைவழியைத் தேடுகிறது. 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. அதற்கு ஊழியர் 10 விழுக்காடும், அரசு 18.5 விழுக்காடும் செலுத்தும். இத்திட்டத்தின்மீதும் குறைகள் சொல்லலாம். ஆனால், வாக்குறுதியையும் அதன் விலையையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்கள் என்பதை நான் வரவேற்கிறேன். அந்த 18.5 போதுமா என்பதை ஆண்டுதோறும் பொதுவெளியில் சரிபார்க்க வேண்டும்.

வாக்குறுதியே பெறாதவர்கள்

மூன்றாவது வழிதான் நகரங்களோடு நேரடித் தொடர்புடையது. எனக்கு மிகுந்த மனச்சங்கடத்தைத் தருவதும் அதுவே. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல், அதே வேலையை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுவது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக அமர்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்துக்கு விடுவதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கோரியும் அவர்கள் போராடினர். நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்குள் ஊதிய உயர்வு, விடுப்பு, முதுமைக்கால வருமானம் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

மாநகராட்சிகள் ஏன் ஒப்பந்த முறையை நாடுகின்றன என்பதற்கும் பொருளாதாரக் காரணம் உண்டு. அவற்றுக்குச் சொந்த வருவாய் குறைவு. சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி நிலையாக உயர்த்தப்பட்டது 2022-ல்தான். இடையில் அறிவித்த உயர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் வீட்டின் மதிப்பு பன்மடங்கு ஏறியிருக்க, வரி மட்டும் அப்படியே நின்றால், குப்பை அள்ளுபவரின் முதுமைக்கான பணத்தை நகரம் எங்கிருந்து எடுத்துவைக்கும்? டெட்ராய்டில் வரி கட்டுவோர் ஊரைவிட்டுப் போனதால் வருவாய் குறைந்தது. இங்கே நாம் ஊரிலேயே இருந்துகொண்டு, கட்ட வேண்டியதைக் கட்டாமல் இருந்தோம். அந்த மிச்சத்தின் ஒரு பகுதி, தூய்மைப் பணியாளரின் முதுமையிலிருந்து எடுக்கப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஒப்பந்தத் தொழிலாளருக்கு வருங்கால வைப்பு நிதியின் வழியே கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்ச அளவாக 2014-ல் நிர்ணயிக்கப்பட்ட தொகை மாதம் 1,000 ரூபாய்.

என்ன செய்யலாம்?

மாயத் தீர்வு எதுவும் இல்லை. டெட்ராய்ட் தந்த அனுபவத்திலிருந்து சில நடைமுறைகளைப் பெறலாம்.

முதலாவது, ஒவ்வொரு மாநில அரசும் மாநகராட்சியும், ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஓய்வூதியக் கடமைகளின் இன்றைய மதிப்பை நிதிநிலை அறிக்கையோடு வெளியிட வேண்டும். இந்த ஆண்டு எவ்வளவு ஓய்வூதியம் கொடுக்கிறோம் என்ற எண் போதாது. இன்று பணியில் இருப்போர் ஈட்டிவிட்ட ஓய்வூதியம் எவ்வளவு, அதற்கென எடுத்துவைத்தது எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். எந்த வட்டி விகித அனுமானத்தில் கணக்கிட்டார்கள் என்பதையும், அது ஒரு விழுக்காடு குறைந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, புதிய சலுகை எதையும் அறிவிக்கும் அதே நாளில் அதற்கான பணம் எந்த வருவாயிலிருந்து வரும் என்பதையும் அறிவிக்க வேண்டும். தேர்தலுக்கு முன் அறிவிப்பும், அடுத்த தலைமுறைக்குப் பட்டியலும் என்ற பழக்கம் ஒழிய வேண்டும்.

மூன்றாவது, ஊழியரிடம் பிடித்தம் செய்த பணமும் நிறுவனம் செலுத்த வேண்டிய பங்கும் அன்றாடச் செலவுக்குக் கைவைக்க இயலாத தனிப் பொறுப்பில் இருக்க வேண்டும். டெட்ராய்ட் தாமதமாகவேனும் இதைக் கற்றுக்கொண்டது. திவால் திட்டத்தின்படி 2024-ல் மீண்டும் பெருந்தொகை செலுத்த வேண்டிவரும் என்பதை உணர்ந்து, அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தனி நிதியம் ஒன்றில் அந்நகரம் பணம் சேர்த்துவந்தது.

நான்காவது, இடரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். முழுவதையும் அரசின் தலையில் வைத்தால் டெட்ராய்ட் போல ஒருநாள் உடையும். முழுவதையும் ஊழியர் தலையில் வைத்தால் அது ஓய்வூதியமே அன்று. உறுதியான ஓர் அடித்தளமும், அதற்கான இரு தரப்புப் பங்களிப்பும் தேவை. அந்த அடித்தளம் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும். அதற்காக என் போன்ற வீட்டு உரிமையாளர்கள் கூடுதல் சொத்து வரி கட்ட நேர்ந்தால், அது நியாயமான விலைதான்.

நான் பணியாற்றிய காலத்தின் கடைசி ஆண்டுகளில் எங்கள் துறையின் ஆசிரியர் அறையில் மூன்று வகையினர் இருந்தோம். பழைய ஓய்வூதியம் பெறப்போகும் நாங்கள் சிலர். பங்களிப்புத் திட்டத்தில் இருந்த இளையவர்கள். மாதத் தொகுப்பூதியம் பெற்ற கௌரவ விரிவுரையாளர்கள். பாடம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, மாணவர்கள் ஒன்று. ஒருநாள் மேலே சொன்ன 21 ரூபாய் 45 காசுக் கணக்கை ஒரு தாளில் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் கூர்ந்து பார்த்துவிட்டு, "சார், இந்தத் தாளில் எனக்கு எந்த வரி?" என்று கேட்டார். அவருக்கு அதில் வரியே இல்லை. அவருக்குக் கொடுக்காத ஊதியத்தில்தான் என் கணக்கு நேராகிக்கொண்டிருந்தது என்பது அன்று எனக்குப் புரிந்தது.

என் ஓய்வூதியத்தை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அது நான் உழைத்துப் பெற்ற உரிமை. ஆனால், அந்த உரிமை நிலைப்பதற்கு என் அரசாணை மட்டும் போதாது. அடுத்து வருபவருக்கும் ஒரு வரி எழுதி, அதற்கான பணத்தையும் இன்றே எடுத்துவைக்கும் ஒரு கருவூலம் வேண்டும். டெட்ராய்டின் முதியவர்களிடம் மிக உயர்ந்த சட்டம் இருந்தது. அந்தக் கருவூலம் இல்லை.